முன்னாள் படைவீரர் நலத் துறையின் (வி.ஏ.) கடிதத்தை மட்டும் நம்பி மான் வேட்டைக்குக் கிளம்பாதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக ஒரு துப்பாக்கி மான் வேட்டை உண்டு. 1990-லிருந்து நடக்கிறது. அக்டோபர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், நவம்பர் பொது சீசனின் கூட்டமும் குளிரும் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். நில உரிமையாளர்கள் ஜூன் 1-க்குள் தங்கள் நிலத்தைப் பதிவு செய்து, தெரியாதவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு நிலத்தில் நான் உதவியாளாக இருக்கிறேன். வருகிறவர்களில் முன்னாள் படைவீரர்கள் நிறைய. துப்பாக்கி பற்றி அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் முன்பு வந்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் புதிதாக வருகிறவர்களும் சறுக்குகிறார்கள்.

சதவீதம் வேறு, பெர்மிட் வேறு

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்த ஒன்றில்தான்.

முன்னாள் படைவீரர் நலத் துறை, அதாவது வி.ஏ., ஒவ்வொருவரின் உடல் பாதிப்புக்கும் பத்துப் பத்தாக ஒரு சதவீதம் போட்டுக் கடிதம் தருகிறது. ஒருவருக்கு 50, 30 என்று இரண்டு பாதிப்பு இருந்தால் 80 வராது. மிச்சமிருக்கும் 50-இல் 30 சதவீதம் 15. ஆக 65, அதை முழுமையாக்கி 70. இது இழப்பீட்டுத் தொகைக்கான கணக்கு. காது இரைச்சல், தூக்கக் கோளாறு, போர்க்கள மன உளைச்சல் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது.

மாநில இயற்கை வளத் துறை கேட்கிற கேள்வியே வேறு. நடக்க முடிகிறதா, பார்வை எப்படி, கை எந்த அளவுக்கு வேலை செய்கிறது? இந்த வேட்டையில் சேர, மாற்றுத்திறனாளி வேட்டைக்காரர்களுக்கு அந்தத் துறை தரும் ஏ, சி, டி வகை பெர்மிட்டில் ஒன்று வேண்டும். அல்லது ஓராண்டுக்கு மேல் செல்லுகிற, நிறுத்திய வண்டியிலிருந்து சுட அனுமதிக்கிற பி வகை. அதற்கு மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் தேவை. முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு வி.ஏ. அந்தக் காலுக்காகத் தருவது 40 சதவீதம்தான், ஆனால் அவருக்கு பெர்மிட் கிடைக்க வாய்ப்பு அதிகம். காதும் மனமும் பாதிக்கப்பட்டு 90 சதவீதம் வாங்கியவர் நன்றாக நடக்கிறார் என்றால் கிடைக்காமலே போகலாம்.

ஒரு வருடம் செப்டம்பர் கடைசியில் ஒருவர் கூப்பிட்டார். 90 சதவீதக் கடிதம் கையில் இருக்கிறது, லீவு போட்டாயிற்று, புது ரைஃபிள் ஸ்கோப்பும் வாங்கியாயிற்று, எந்த வழியாக வரவேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். பெர்மிட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இடுப்பில் உலோகத் தகடு வைத்தவர், விண்ணப்பித்திருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். ஆனால் வேட்டைக்கு வருகிறவர்கள் செப்டம்பர் 1-க்குள் நில உரிமையாளரிடம் பேசிப் பெயர் கொடுத்திருக்க வேண்டும், அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. "கடிதம் இருந்தால் போதும், நேராகப் போ" என்று அவரிடம் சொல்லி அனுப்பிய சக வீரர்கள் மேல்தான் கோபம். அரைகுறையாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்வது ஒரு மனிதரின் வருடத்தைத் தின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 70 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாநிலம் தனியாக ஒரு பொழுதுபோக்கு அட்டை தருகிறது. அது மீன்பிடிக்கவும் முயல், அணில் போன்ற சிறு வேட்டைக்கும் செல்லும். மானுக்கு லைசென்ஸ் தனி.

மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டே வாரக்கணக்கில் தள்ளிப்போகும். மே மாதமே படிவத்தை எடுத்துவிடுங்கள்.

இலவச லைசென்ஸ் என்றால் இடமும் உண்டு என்று நம்புவது

டெக்சாஸில் முன்னாள் படைவீரருக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலோ, கால் செயலிழந்திருந்தாலோ வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்து இலவச லைசென்ஸ் தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த மாநிலத்தில் பெரும்பகுதி தனியார் நிலம். முதலில் இடத்தைத் தேடுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

மேசையில் பழகிவிட்டு நாற்காலியில் சுடுவது

சுடும் பயிற்சி ரேஞ்சில் கனமான மேசை மேல் ரைஃபிளை வைத்துப் பழகுகிறார்கள். வேட்டையன்று மறைப்புக் கூடாரத்துக்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் தோள் உயரம், ஜன்னல் உயரம், கைப்பிடி இடிப்பது எல்லாமே மாறியிருக்கும். எந்த நாற்காலியில் சுடப்போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். பிரேக்கைப் பூட்டிவிட்டு.

ஆரஞ்சு உடை

மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படத்தான் அந்த உடை. உதவிக்கு வருகிறவரும் போடட்டும்.

சுட்ட பிறகு என்ன என்று யோசிக்காமல் வருவது

அடிபட்ட மான் பெரும்பாலும் அதே இடத்தில் விழாது, புதருக்குள் ஓடும். தேடவும், குடல் எடுக்கவும், இழுத்து வரவும் ஆள் வேண்டும். நில உரிமையாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து வருகிறார்கள்; அவருக்கே எழுபது வயது இருக்கலாம். பெயர் கொடுக்கும்போதே யார் இழுப்பார்கள், வண்டி எதுவரை போகும், வெட்டிக் கொடுக்கும் கறிக்கடை அன்று திறந்திருக்குமா என்று கேட்டுவிடுங்கள். அக்டோபர் வெயிலில் கறி சீக்கிரம் கெட்டுவிடும்.