தீயணைத்த வீட்டைப் பூசணம் பிடிக்காமல் உலர்த்துவது எப்படி

வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்றில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சமையலறைத் தீக்கு அதில் பாதியே போதும் என்றாலும், அந்தப் பாதி வீட்டுக்குள் எங்கெல்லாம் போய் ஒளிந்தது என்பதில்தான் அடுத்த மாதத்துச் சிக்கல் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஒழுகும் இடத்தில் ஒழுகும், வெள்ளம் தரையிலிருந்து ஏறும். பீய்ச்சி அடித்த தண்ணீர் மேலிருந்து எல்லாப் பக்கமும் இறங்குகிறது: அட்டாலி, ஜன்னல் சட்டத்தின் பின்புறம், சுவருக்குள் ஓடும் ஒயர் குழாய், பீரோவின் அடி, தரை டைல்ஸின் இடுக்கு. கூடவே கரியையும் பாதி எரிந்த துணி, அரிசி, பருப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஈரமும் உண்ணப் பொருளும் சேர்ந்துவிட்டால் பூசணத்துக்கு வேறொன்றும் வேண்டாம். 24 முதல் 48 மணி நேரத்தில் முளைக்கத் தொடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியத்தான் சில நாள் பிடிக்கும். அதனால் சுவரில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வேலை தொடங்குவது ஏற்கனவே தாமதம்.

பலரும் முதலில் மருந்துக் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் ஓடுகிறார்கள். பூசணத்தைத் தடுப்பது மருந்து அல்ல, உலர்த்தல். ஈரம் போகாத சுவரில் எதை அடித்தாலும் அது திரும்ப வரும்.

உள்ளே போகும் முன்

தீயணைப்பு நிலையத்தார் போகலாம் என்று சொன்ன பிறகே நுழையுங்கள். மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. சிலிண்டரை மூடி வெளியே எடுத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் பழைய வீடுகளுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த ஊர்களில் கற்பலகை போட்ட கூரைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. நெருப்பில் சூடேறிய கருங்கல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், சில்லாகவும் பெயரும். கீழே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். பலகையின் குறுக்கே கோடு ஓடியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு முட்டுக் கொடுக்காமல் அந்த அறையில் வேலை செய்யாதீர்கள். இரண்டாவது, மண் சுவர். அடிப்பகுதி ஊறி வயிறு தள்ளியிருந்தால் அது எந்த நேரமும் உட்காரும், உலர்த்தப் பார்க்காமல் விலகி நில்லுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடந்தால் உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. நனைத்து, கையுறையோடு துண்டு துண்டாகப் பொறுக்கிக் கனமான பாலிதீன் பையில் கட்டுங்கள்.

எதையும் வெளியே எறியும் முன் அறை அறையாகப் படம் எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரண மனுவுக்கும் அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

முதல் நாள்

தண்ணீர், பொருள், கரி, காற்று என்ற வரிசை மாறக் கூடாது. தேங்கியதை வைப்பரால் தள்ளி வெளியேற்றிய பிறகு, தரையைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் வாடகைக்குக் கிடைத்தால் டைல்ஸ் இடுக்கிலிருக்கும் நீரும் வரும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் தொங்கியிருந்தால் அதன் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று நீளக் கம்பியால் ஒரு துளை போட்டு வடியவிடுங்கள். நனைந்த ஜிப்சம் பலகையைக் காப்பாற்ற முடியாது, கழற்றிவிட வேண்டியதுதான்.

சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பீரோவின் காலுக்கடியில் செங்கல் வையுங்கள். அட்டாலியை முதல் நாளே காலி செய்துவிட வேண்டும். பூசணம் பெரும்பாலும் முதலில் வருவது அங்கேதான், கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

கரி படிந்து உலர்ந்திருக்கும் சுவரை ஈரத்துணியால் தேய்த்தால் கரி பூச்சுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிடும். அந்த இடத்தை உலர்ந்த ஸ்பான்ஜாலோ வேக்குவத்தாலோ தொட்டுத் தொட்டு எடுங்கள், துடைப்பம் வேண்டாம். ஏற்கனவே நனைந்து குழம்பான கரியை, ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சோப்புத்தூள் கரைத்து, பிழிந்த துணியால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். கழுவ ஒரு வாளி, அலச ஒரு வாளி தனித்தனியாக இருக்கட்டும். கரியை விட்டுவைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் அமிலத் தன்மையும் இருப்பதால் கீல், தாழ்ப்பாள், பீரோ எல்லாம் சில நாளிலேயே துருவேறும்.

காற்றை எப்போது விடுவது

'எல்லா ஜன்னலையும் திறந்து போடு' என்பது பாதி நேரம்தான் சரி. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருந்தால்தான் ஈரம் வெளியேறும். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அறையின் நடுவே வையுங்கள். அது 60 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், 50-ஐத் தொட்டால் இன்னும் நல்லது.

சித்திரை, வைகாசியில் தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நண்பகல் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். காலை வெயில் ஏறிய பிறகு திறந்து, பொழுது சாயும் முன் மூடினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் நிலைமை வேறு. இரவெல்லாம் ஜன்னல் திறந்திருந்தால் பனி ஈரம் உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் படியும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் மேட்டுப் பகுதிகளில் குளிர்ச்சி அதிகம் என்பதால், கீழ் நாட்டில் ஒரு வாரத்தில் உலர்வது அங்கே இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மழை நாளில் ஜன்னலை மூடிவிட்டு ஏசியை 'ட்ரை' நிலையில் ஓட்டுங்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் கிடைத்தால் அதைவிட நல்லது, ஆனால் அது ஓடும்போது கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்தால் ஊர்க் காற்றை உலர்த்திக்கொண்டிருக்கும். கரி உறிஞ்சிய ஏசியை மட்டும் ஃபில்டரையும் உள்ளிருக்கும் குழாய்ச் சுருளையும் கழுவாமல் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் மெகர் (ஒயரில் மின்கசிவு உண்டா என்று காட்டும் கருவி) வைத்துச் சோதித்து, சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து உலர்த்திய பிறகுதான் வீட்டு மின்சாரம். அதுவரை மின்விசிறிக்குப் பக்கத்து வீட்டு இணைப்பு போதும். ஒயரின் இணைப்புகள் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. விசிறியைச் சுவருக்கு நேர் எதிரே வைக்காமல் சாய்வாக, காற்று சுவரை ஒட்டி ஓடும்படி வையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலில் இன்னொன்று வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஏற்கனவே பூசணம் தெரியும் சுவரில் விசிறி வைத்தால் அதன் வித்து வீடு முழுக்கப் பறக்கும்.

செய்யவே கூடாதவை மூன்று. ஏர் கூலர் போடுவது முதலாவது. அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது, அதாவது நீங்கள் வெளியேற்றும் ஈரத்தைத் திரும்ப ஊற்றுகிறது. இரண்டாவது, மூடிய அறையில் கரி அடுப்பு, குமுட்டி, கேஸ் அடுப்பு வைத்துச் சூடேற்றுவது. கேஸ் எரிந்தால் நீராவி வரும், கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். மூன்றாவது, ஈரம் உறிஞ்சட்டும் என்று நீறாத சுண்ணாம்புக் கல்லை அறையில் கொட்டுவது. தண்ணீர் பட்டால் கொதிக்கும், குழந்தைகள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சுவர் காய்ந்ததா?

தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல் பூச்சு காய்ந்து உள்ளே செங்கல் ஊறியே இருக்கும். செங்கல் சுவருக்குக் கட்டட வேலைக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, ஒரு மாதத்துக்கு ஓர் அங்குலம். நன்றாக ஊறிய ஒன்பது அங்குலச் சுவர், இரு பக்கமும் காற்றுப் பட்டால்கூட நான்கைந்து மாதம் கேட்கும். ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னும் அதிகம்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீனைச் சுவரிலோ தரையிலோ வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அந்த இடம் நிறம் மாறியிருந்தாலோ ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வெயில் நேரே விழும் இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

சுவரை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் சத்தம் வரும் பூச்சை உடைத்து எடுத்துவிடலாம், செங்கல்லுக்கு மூச்சு விட வழி கிடைக்கும். சுவரின் அடியோரம் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸின் பின்னால் தண்ணீர் நின்றிருக்கும், நான்கடிக்கு ஒன்று கழற்றிப் பாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் அடித்திருந்தால் தட்டோட்டுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட அடுக்கு ஊறியிருக்கும். அது வாரக்கணக்கில் கூரையின் அடியில் ஓதமாக இறங்கும். அதைப் புதிய ஒழுகல் என்று நினைத்து மேலே வாட்டர்ப்ரூஃப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

பட்டியும் எமல்ஷனும் இந்தக் காத்திருப்பு முடிந்த பிறகுதான். அவசரப்பட்டுப் பூசினால் கொப்புளம் வெடித்து, அதன் பின்னாலேயே கறுப்பு வரும். இடைக்காலத்தில் சுவர் அசிங்கமாக இருக்கிறதே என்றால் வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் முளைக்காது. மலிவும் கூட. சாணம் மெழுகும் வழக்கமுள்ள வீடுகளில் சுவரும் தரையும் முழுக்கக் காயும்வரை மெழுகாதீர்கள். சாணம் பூசணத்துக்கு நல்ல தீனி.

வெள்ளையாகப் பூத்தால் அதைப் பூசணம் என்று பதற வேண்டாம். இங்கே போர் தண்ணீர் உப்பு. ஈரம் வெளியேறும்போது சுவரில் உப்புப் பூக்கும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உப்பு கரைந்து மறையும், பூசணம் அப்படியே இருக்கும். உப்பென்றால் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போதும், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும்.

பூசணம் வந்தே விட்டால்

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். N95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டாம். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு போன்றவற்றில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். கிருமி நாசினி வேண்டுமென்றால் வீட்டு உபயோக திரவ ப்ளீச் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் போகாமல், ஜன்னல் திறந்து வைத்து. அதோடு கழிப்பறை ஆசிட், அம்மோனியா கலந்த கிளீனர் எதையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். பூச்சுச் சுவருக்கும் மரத்துக்கும் ப்ளீச் பலிக்காது. மருந்து மேலேயே நின்றுவிட, அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே போய் வேரை நனைக்கும். அங்கே பூசணம் பிடித்த பூச்சைச் சுரண்டி எடுத்து, பையில் கட்டி வெளியேற்றி, திரும்பவும் உலர்த்துவதுதான் வழி.

எதை வைக்கலாம், எதை விடலாம்

நனைந்த பஞ்சு மெத்தை, தலையணை, ஊதிப்போன ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு இவற்றை இரண்டு நாளில் முழுக்க உலர்த்த முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தேக்கு, வேம்பு போன்ற கெட்டி மரம் பிழைக்கும். ஆனால் நிழலில் காற்றோட்டமாக வையுங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். துணியைக் கரி உதறிய பிறகு வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

பத்திரம், பட்டா, சான்றிதழ் நனைந்திருந்தால் பிரிக்க முயலாமல், பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த தாளில் பூசணம் வளராது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

தானியத்தில் தயவு பார்க்காதீர்கள். தீ அணைத்த தண்ணீரில் நனைந்த கேழ்வரகு, அவரை, துவரை எதுவும் சமையலுக்கு ஆகாது. வேர்க்கடலையில் கூடுதல் ஆபத்து, ஈரத்தில் வரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கும், கோழிக்குப் போட்டால் கோழி சாகவும் கூடும். புழுங்கிய வைக்கோலும் அப்படியே. எருக்குழிக்குப் போகட்டும்.

வீட்டோடு ஒட்டிப் பட்டுப்புழு மனை இருந்தால் அடுத்த முட்டை வாங்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. சுவரில் இருக்கும் அதே வகைப் பூசணம் இளம் புழுக்களைத் தாக்கும். நனைந்த மூங்கில் தட்டுகளை வெயிலில் காய வைத்து, கறுத்தவற்றை எரித்துவிட்டு, மனையின் ஈரப்பதமும் பாலிதீன் சோதனையும் சரியாக வந்த பிறகு வழக்கமான ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கிருமி நீக்கம் செய்யுங்கள். ஈரச் சுவரில் அடித்துவிட்டு முட்டை இறக்கினால் அந்த மருந்தும் வீண், அந்த அறுவடையும் வீண்.