அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஹேங் ஆகிறதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

என் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. ஒரு அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன நாளிலிருந்து பத்து நிமிடம் ஓடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, கடிகாரமும் நகராது. கேட்டவர்கள் எல்லோரும் ஃபார்மேட் பண்ணச் சொன்னார்கள். ஃபார்மேட் பண்ணாமலே சரியானது. செய்ததை அப்படியே எழுதுகிறேன், விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

பெரிய அப்டேட் வந்த முதல் சில மணி நேரம் எந்தப் பழைய லேப்டாப்பும் திணறும், பின்னணியில் வேலை நடந்துகொண்டிருக்கும். சார்ஜரில் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாளும் நின்றால் தொடர்ந்து படியுங்கள்.

திரை நின்ற உடனே கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அந்தக் குட்டி விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கணினி உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும் மாட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம், திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வரும். எனக்கு அதோடு மவுஸும் நகர்ந்தது. கிராபிக்ஸ் டிரைவர்தான் (திரையில் படம் காட்டும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) காரணம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விளக்கே அசையவில்லை என்றால் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம், இதற்கு அது ஒன்றே போதும். மஞ்சளில் 'காஷன்' என்று காட்டினால் வேறு எதையும் தொடாமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

இனி சேஃப் மோட், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்குவது. லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு எண் 4. இங்கே ஹேங் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் சிக்கல்தான். கோப்புகளை நகலெடுக்கவும் இதுதான் நல்ல நேரம்.

அடுத்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், அதில் உங்கள் கிராபிக்ஸ் பெயர், ப்ராபர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர் (பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன்). எல்லா இடத்திலும் இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டன் மங்கலாக இருந்தது, அழுத்தவே முடியவில்லை. இரண்டு மாலை அங்கேயே போனது.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. அதே இடத்தில் அப்டேட் டிரைவர் கொடுங்கள். தானாகத் தேடும் வழியை விட்டு, 'ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்', அடுத்து 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரி. ஒரு பட்டியல் வரும். எனக்கு ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது, வெர்ஷன் எண் மட்டும் வேறு. சிறிய எண் உள்ளதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். அன்று முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. பட்டியலில் பழையது இல்லையென்றால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். திரை சுமாராகத்தான் தெரியும், ஆனால் ஹேங் நின்றால் காரணம் உறுதி. பிறகு லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரையே இறக்குங்கள். டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். மாடலுக்குப் பொருந்தாததையும் ஏற்றிவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள்: அடுத்த அப்டேட்டில் அதே புது டிரைவர் திரும்ப வரலாம், எனக்கு மூன்றாம் நாளே வந்தது. அதனால் செட்டிங்ஸில் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள், 35 நாள் வரை முடியும். விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில் டிரைவர்களை மட்டும் தடுக்கலாம், அதுவே மேல். அது பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தடுக்காது.

பின்சேர்க்கை: சேஃப் மோடுக்குப் போகும் வழியில் நீலத் திரை 48 இலக்க எண் கேட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ. வாங்கியபோதே டிஸ்க் இப்படிப் பூட்டப்பட்டு (என்கிரிப்ட் ஆகி) வந்திருந்தால் கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஃபோனில் உள்ளே போய்ப் பார்க்கலாம். சேஃப் மோடைத் தொடும் முன்பே அதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.