மிளகாய்க் கன்றில் பூ நிற்கவே இல்லை

விறாந்தையில் 6 சாடிகளில் மிளகாய் வைத்திருந்தேன். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது, பூவும் வந்தது. ஆனால் காலையில் பார்த்தால் பூவெல்லாம் நிலத்தில். "பிஞ்சு ஒண்டையும் காணேல்லையே பிள்ளை" என்று அம்மா தினமும் கவலைப்படுவா.

பூக்கிற நேரத்திலும் நான் வாராவாரம் யூரியா போட்டுக்கொண்டிருந்தேன். பிழை அதுதான். யூரியாவில் இருப்பது தழைச்சத்து, அதாவது நைதரசன். அது கூடினால் செடி இலையை வளர்க்குமே தவிரக் காயைப் பிடிக்காது. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில், தழைச்சத்தின் ஒரு வடிவமான நைத்திரேற்றும் கூடுதல். தோட்டத்துக்குப் போடும் பசளை சுண்ணக்கல் வழியே இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது. அதாவது ஊற்றுகிற தண்ணீரிலேயே கொஞ்சம் தழைச்சத்து இருக்கக்கூடும்.

யூரியாவை அடியோடு நிறுத்தினேன். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, சாடியின் அடித்துளையால் வடியவிட்டேன். ஒரு கிழமை எந்தப் பசளையும் இல்லை. அப்புறம் 10 லீற்றர் தண்ணீரில் 20 கிராம் எம்ஓபி என்ற பொட்டாசியப் பசளையைக் கரைத்து, 2 கிழமைக்கு ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும், கவனம். மத்தியான வெயிலுக்குப் பழைய சேலை ஒன்றையும் கட்டிவிட்டேன்; கடும் வெக்கையிலும் பூ கொட்டும்.

மூன்றாம் கிழமை முதல் பிஞ்சு தெரிந்தது. அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.