சீனப் பெருநாளும் திருநீற்றுப் புதனும்: இரண்டு நாட்காட்டியை ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி

முதல் வேலை, இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது. ஒன்று, மலேசியாவில் பாதிக் கடைகளில் தொங்குமே, அந்தக் குதிரை காலண்டர். சீன மாதக் கணக்கு அதன் கட்டத்துக்குள்ளேயே இருக்கும். இன்னொன்று, டிசம்பரில் கோயிலில் கொடுக்கும் பங்கு நாட்காட்டி. ஒரு பேனாவை எடுத்து, இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற நாள்களை வட்டமிடுங்கள். ஒத்துப்போகிற நாள்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

சீனத் திருநாள்களைப் பற்றிப் பேசும் கத்தோலிக்கர் பலரும் ஒற்றுமை தேடுவதோடு நின்றுவிடுகிறார்கள். நிலாப் பண்டிகையா, மாதாவின் காலடியில் நிலா இருக்கிறது. விளக்குத் திருநாளா, இயேசுவே உலகின் ஒளி. பிரசங்கத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். மூன்கேக்கை வெட்டி முடிப்பதற்குள் மறந்தும் போகும். முட்டுகிற நாள் அப்படி விடாது. சமைப்பதா வேண்டாமா, சிவப்புச் சட்டையா வேறா, தலை குனிவதா கூடாதா என்று ஏதாவது ஒன்றை முடிவு செய்தே ஆகவேண்டும். நான் செபத்தில் கொஞ்சம் ஆழமாகப் போனதெல்லாம் இந்த மாதிரி நாள்களில்தான்.

நான் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்த்தாஜாம்காரி. பிறந்தது தமிழ்க் கத்தோலிக்க வீட்டில், வாக்கப்பட்டது ஹொக்கியன் பேசும் சீனக் கத்தோலிக்க வீட்டில். ஆகவே கீழே சொல்வதெல்லாம் பினாங்கு ஹொக்கியன் வழக்கம். கந்தோனியர் வீட்டிலும் ஹக்கா வீட்டிலும் சிலது மாறும்.

செங் பெங்: கையில் வாளியோடு போங்கள்

ஒரே ஒரு திருநாளில்தான் தொடங்க முடியும் என்றால் இதில் தொடங்குங்கள். ஏப்ரல் 4 அல்லது 5-ல் வரும். மாண்டரினில் சிங்மிங் என்பார்கள். முன்பின் பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்வரலாம். நமக்கு நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் இருக்கிறது. பூ வைப்போம், மெழுகுதிரி ஏற்றுவோம், சாமியார் தீர்த்தம் தெளிப்பார். செங் பெங்கில் அதற்கு முன்னால் வேலை உண்டு. புல்லை வெட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி, கல்லில் வெட்டிய எழுத்துகளுக்கு மறுபடி சாயம் பூசவேண்டும். அரிவாள், வாளி, பழைய பல் துலக்கி, மெல்லிய தூரிகை, ஒரு சின்ன டின் சாயம் போதும். ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பத்து மணி வெயிலில் பக்தி நிற்காது.

வேலையைத் தொடங்குமுன் மாற்கு நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை ஒருவர் வாசிக்கட்டும். விடியற்காலையில் பெண்கள் கல்லறைக்கு நடக்கிறார்கள், வாசல் கல்லை யார் நமக்காகப் புரட்டுவார் என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கேயே புத்தகத்தை மூடிவிடுங்கள். உயிர்ப்பு வரைக்கும் ஓடாதீர்கள். அந்தக் கேள்வியோடு புல்லை வெட்டுங்கள். 2026 நாட்காட்டியில் செங் பெங்கும் உயிர்ப்பு ஞாயிறும் ஒரே நாள், ஏப்ரல் 5. மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளோ உயிர்ப்புக்குப் பிந்திய வாரங்களிலோ விழும். தவக்காலத்து வெள்ளிக்கிழமையாகிவிட்டால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து கெராங் சிப்பி தின்று அதன் ஓட்டை அங்கேயே இறைக்கிற பழைய ஹொக்கியன் வழக்கம், இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனத்துக்கு எந்தக் குறையும் வைக்காது.

என் மாமனாரின் கல்லில் இரண்டு பெயர் இருக்கிறது. அவருடையது பொன் நிறத்தில், பக்கத்தில் என் மாமியாருடையது சிவப்பில். உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. ஒவ்வோர் ஆண்டும் என் மாமியார், பிள்ளைகளுக்கு அவர் ‘ஆமா’, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் பெயருக்குத் தானே சாயம் பூசுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். கோடு வெளியே வழிந்தால் நகத்தால் சுரண்டிச் சரிசெய்வார். முடிந்ததும் எழுந்து, சாப்பாட்டுக் கூடையில் முட்டை வைத்தேனா என்று என்னைக் கேட்பார். நல்ல மரணத்துக்காக நாம் செபமாலையில் எத்தனை தடவை மன்றாடுகிறோம்! அந்த மன்றாட்டு ஒரு மனுஷியின் கையில் தூரிகையாக இருப்பதை அங்கேதான் பார்த்தேன். உங்கள் குடும்பக் கல்லறையில் இந்த வழக்கம் இல்லாவிட்டாலும், பிள்ளை கையில் தூரிகையைக் கொடுத்துப் பாட்டனாரின் பெயரை ஓர் எழுத்தாவது பூச வையுங்கள்.

“இதெல்லாம் நமக்கு அனுமதி உண்டா?” என்று தமிழ்ப் பக்கத்து உறவினர் கட்டாயம் கேட்பார்கள். கேள்வி புதிதல்ல. 1582-ல் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்கு வந்து 1610-ல் பெய்ஜிங்கில் இறந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி, முன்னோருக்குச் செய்யும் மரியாதையைச் சிலை வழிபாடாகப் பார்க்கவில்லை. பிறகு வந்த மற்ற சபையாருக்கு அது ஒப்பவில்லை. வழக்கு ரோமுக்குப் போனது. 1742-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முற்றாகத் தடுத்துவிட்டார். 1939 டிசம்பர் 8-ல்தான் ரோம் அந்தத் தடையைத் தளர்த்தி, இறந்தவர் முன்னும் அவர் படம், பெயர்ப்பலகை முன்னும் தலை குனிவது தகும் என்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சீனக் கத்தோலிக்கர்கள் ஒன்று பெற்றோரை, அல்லது கோயிலை விடவேண்டிய நிலையில் இருந்திருக்கிறார்கள். 1971 சீனப் புத்தாண்டில் தைப்பேயில் கர்தினால் யூ பின் முன்னோர் வணக்கச் சடங்கை வெளிப்படையாக நடத்தினார். இப்போது பல பங்குகளில் புத்தாண்டுத் திருப்பலியின்போது ஊதுபத்தி, பூ, பழம் வைத்து மூன்று முறை தலை குனிவார்கள். நீங்களும் குனியும்போது, அந்த இருநூறு ஆண்டுகளில் குனிய முடியாமல் போனவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். எனக்கு அந்தச் சடங்கு சடங்காக இல்லாமல் போனது இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான்.

சிவப்பு உடுப்பும் நெற்றிச் சாம்பலும்

சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் வரைக்கும் தள்ளிப்போகலாம். சில ஆண்டுகளில் இரண்டும் மோதிக்கொள்ளும். 2015-ல் பெருநாளுக்கு முந்தின நாள், குடும்பமே கூடிச் சாப்பிடும் இரவு, திருநீற்றுப் புதன். 2026 கட்டத்தைப் பாருங்கள்: பிப்ரவரி 17 புத்தாண்டு, 18 திருநீற்றுப் புதன். இரண்டாம் நாள் என்பது கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வரும் நாள். மேசையில் கோழி இல்லாமல் மருமகனை உட்கார வைப்பார்களா?

இங்கே செய்யவேண்டியது எளிது. முதலில் பங்கு அறிவிப்பைப் படியுங்கள். இப்படி மோதுகிற ஆண்டுகளில் ஆயர்கள் தம் மறைமாவட்டத்துக்கு ஒருசந்தி என்ற நோன்பிலிருந்தும் சுத்தபோசனத்திலிருந்தும் தளர்வு தருவதுண்டு. அதற்குப் பதிலாக வேறொரு நாளில் ஒறுத்தலோ தர்மமோ செய்யச் சொல்வார்கள். தளர்வை வாங்கிக்கொண்டு பதிலை மறந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. ஆகவே பதில் நாளை அன்றைக்கே குதிரை காலண்டரில் குறித்துவிடுங்கள். பெருநாளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங் பாவ் உறை ஒன்றைத் தனியாக எடுத்து, அன்று மிச்சமாகும் சாப்பாட்டுக் காசை அதில் போடுங்கள்.

சாம்பல் பூசத் தளர்வு தேவையில்லை, அதற்குப் போங்கள். பெருநாள் நாள்களில் சாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கோயிலிலோ மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் நெற்றியில் பூசி அனுப்புகிறார். கிறிஸ்தவரல்லாத சீன உறவினர் வீட்டுக்கு அதோடு போவதா என்று கேட்பீர்கள். என் கட்சி, துடைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான். அன்றைக்கான நற்செய்தி வாசகமே நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்கிறது. துடைத்த நெற்றியோடு, வாழ்த்துச் சொல்லி, தட்டில் வைத்ததைச் சாப்பிடுவதும் ஒரு நோன்புதான் என்று எனக்குப் படுகிறது.

டிசம்பர் 21

குளிர்காலத் திருநாள், ஹொக்கியனில் தாங் செக். ஆண்டின் மிக நீண்ட இரவு. பினாங்கில் பகலும் இரவும் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது வேறு விஷயம். டிசம்பர் 21 அல்லது 22-ல் வரும். புலூட் (ஒட்டும் அரிசி) மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் அள்ளி இஞ்சியும் பண்டான் இலையும் போட்ட சர்க்கரைப் பாகில் விடுவார்கள். மாவு காது மடல் பதத்துக்கு வரவேண்டும்.

திருவருகைக் காலத்தில் டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தனி முன்மொழி உண்டு. 21-ஆம் தேதிக்குரியது விடியலை அழைப்பது: நித்திய ஒளியின் சுடரே, நீதியின் கதிரவனே, இருளிலும் மரண நிழலிலும் இருப்போர்மேல் ஒளிவீச வாரும். உருண்டை உருட்டும்போது அதைச் சொல்லிக்கொண்டே உருட்டுங்கள். விளக்கம் தேவையில்லை. சர்க்கரை அளவை மட்டும் குறையுங்கள்.

எதைத் தொடாமல் விடுவது

ஏழாம் மாதப் பசித்த ஆவிகள் திருநாளில் காகிதப் பணம் எரிப்பதில் நான் சேர்வதில்லை, கேலியும் செய்வதில்லை. தெருவோரச் சாம்பலை மிதிக்காமல் சுற்றிப் போவேன். சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின்னும் மாதாவும் ஒன்றுதான் என்று சொல்லி இரு பக்கத்தாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் கரும்பு கட்டி வானத்து அரசரை வணங்கும் அண்டை வீட்டார் பலகாரம் கொடுத்தால், படைத்ததா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் அவர்களே வேறு எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜூலையில் எங்கள் ஊர்ப் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு வாருங்கள். திருநாள் 26-ஆம் தேதி. சீனரும் தமிழரும் ஒரே பவனியில் மெழுகுதிரியோடு நடப்பார்கள். அன்னம்மாள் இயேசுவுக்குப் பாட்டி. வருமுன் உங்கள் பாட்டிமார் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு அப்பா வழிப் பாட்டியின் முழுப்பெயர் வராது; உறவினருக்குத் தொலைபேசி போட்டுக் கேட்கவேண்டியிருக்கும். அந்தப் பேச்சையும் நோவேனாவில், அதாவது திருநாளுக்கான ஒன்பது நாள் செபத்தில், சேர்த்துக்கொள்ளலாம்.

சீன உறவு ஒன்றும் இல்லாதவர்கள், அடுத்த வீட்டார் பெருநாளுக்கு அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டால் வேண்டாம். மாண்டரின் ஆரஞ்சு இரண்டு, இரண்டு கையாலும் கொடுங்கள். நான்கு கொடுக்காதீர்கள். பணம் வைப்பதானால் வெள்ளை உறை கூடாது, அது சாவு வீட்டுக்கு. கிளம்பும்போது அவர்களும் இரண்டு ஆரஞ்சு திருப்பித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.