செயல்பாட்டு நரம்பியல் கோளாறுக்குப் பின் அன்றாட வாழ்வுக்குத் திரும்புதல்

ஸ்கேனில் பழுது ஏதும் தெரியாத நிலையில் கால் வலுவிழப்பதும் கை நடுங்குவதும் நடிப்பல்ல. மூளையின் கட்டமைப்பு கெடாமல் அதன் இயக்கம் மட்டும் தடம் புரள்வதால் வரும் கோளாறு அது. மன அழுத்தம் பலருக்கு இதைத் தூண்டினாலும் எல்லோருக்கும் அப்படியல்ல என்பதால், மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வெளிவந்தபோது, நோயை உறுதிசெய்ய மன அழுத்தம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையே கைவிட்டது.

முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஹூவர் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். படுத்திருக்கையில் வலுவிழந்த காலின் குதிகாலை அழுத்தச் சொன்னால் முடியாதவருக்கு, மறுகாலைத் தடையை மீறி உயர்த்தும்போது அதே குதிகால் தானாகவே மெத்தையில் அழுந்துவதை மருத்துவரின் உள்ளங்கை உணரும். நரம்புப் பாதை அறுபடவில்லை என்பதை இவ்வளவு நேரடியாக உணர்த்த எந்த அறிக்கையாலும் இயலாது.

பயிற்சியும் இதையொட்டியதே: கவனம் வேறிடம் திரும்பும்போது கால் தானாக இயங்கும். காலையே உற்றுப் பார்த்து நடந்தால் தடுமாற்றம் கூடும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் அருகிலிருக்க, தாளத்துக்கு ஏற்பவோ பின்னோக்கியோ நடந்து பழகுங்கள். வீட்டார் மணிக்கொரு தரம் நலம் விசாரிப்பதும், அன்பினால்தான் என்றாலும், கவனத்தை நோயின் பக்கமே இழுக்கும்.

உடல் ஒத்துழைக்கும் நாளில் தேங்கிய வேலைகளை ஒரே மூச்சில் முடித்து மறுநாள் படுத்துவிடாமல், பதினைந்து நிமிடம் காய் நறுக்கியதும், களைப்புக்கு முன்பே, அமர்ந்துவிடுங்கள். பழைய பதவிக்கு உடனே திரும்ப முயல்வதைவிட, பிள்ளையின் வீட்டுப்பாடம், அரை நாள் அலுவலகம் என உங்களை நம்பி ஒருவர் காத்திருக்கும் பொறுப்பொன்றை ஏற்பது நல்லது. புதிய அறிகுறி தோன்றினால், பழையதுதான் என ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.