நாய் கடித்த கோழிகள்: ரத்தம் தெரியாத கோழியைத் தூக்கிப் பாருங்கள்

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். கூண்டுக்குள் நாய் புகுந்துவிட்டது. "ஒண்ணுக்குத்தான் அடி, மத்த மூணும் நல்லா இருக்கு" என்றார். அந்த "நல்லா இருக்கு" காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் கோழி வளர்க்கத் தொடங்கிய புதிதில் இதே வார்த்தையை இதே நிம்மதியோடு சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு புதிதாக வளர்ப்பவர்கள் பலருக்கு இப்படிக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன். ஆள்தான் மாறுகிறார், செய்யும் தவறு மாறுவதில்லை.

காயத்தைக் கழுவ வேண்டும், கோழியைத் தனியாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கையில் பிடித்ததுமே வைத்தியத்தைத் தொடங்குவது

நாயின் வாயிலிருந்து தப்பிய கோழிக்கு முதல் எதிரி அதிர்ச்சி. கொண்டை வெளுத்து, கால் சில்லிட்டு, கண் பாதி மூடியபடி கிடக்கும். அந்த நேரத்தில் மல்லாத்திப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இறகைப் பிடுங்கிக் காயத்தைத் தேடினால் கையிலேயே செத்துப்போகும். எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு கிலோ கோழியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 150 மில்லிதான். தரையில் கொஞ்சமாகத் தெரிவது அதற்குக் கொஞ்சமல்ல. ரத்தம் நின்றபின் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். கோழியின் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதிர்ச்சியில் அது இறங்கும் என்பதால் பெட்டிக்குள் 27 முதல் 30 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும். நேர் மேலே விளக்கைத் தொங்கவிட்டால், நகர முடியாத கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்.

தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் துள்ளுகிறதே என்று நாம் இறுக்கும் அந்தப் பிடியே அதன் மூச்சை நிறுத்திவிடும்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது

மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே உறிஞ்சட்டும். உறிஞ்சவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். எழுந்து நின்று தண்ணீர் குடிக்கும் வரை தீனி எதுவும் வேண்டாம்.

"இதுக்கு ஒண்ணும் ஆகல"

இந்த ஒரு தவறை மட்டும் இன்னும் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை.

என்னிடம் கருப்பி என்று ஒரு பெட்டை இருந்தது. கூட்டத்திலேயே ஒழுங்காக முட்டையிட்டது அதுதான். ஒரு சாயங்காலம் நாய் புகுந்தபோது வெள்ளைப் பெட்டை ஒன்றுக்கு முதுகுத்தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து, சதை வெளியே தெரிந்தது. பார்க்கவே பயங்கரம். மூன்று மணி நேரம் அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். கருப்பி தானாகவே நடந்துபோய்க் கூண்டில் ஏறி உட்கார்ந்தது. உடம்பில் ஒரு துளி ரத்தம் தெரியவில்லை. மறுநாள் காலை தீனியும் தின்றது. இரண்டாம் நாள் வாலைத் தாழ்த்தி, இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் போனபோது நாற்றம். இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் விலாவில் மிளகு அளவில் இரண்டு ஓட்டை. சுற்றிலும் தோல் கறுத்து, சதையை விட்டுக் கழன்று, விரலை வைத்தால் தளர்ந்த துணி மாதிரி நகர்ந்தது. அன்று ராத்திரியே போய்விட்டது. அத்தனை பெரிய காயத்தோடு கிடந்த வெள்ளை அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? நாய் கடித்துவிட்டுச் சும்மா விடுவதில்லை, கவ்விக்கொண்டு உதறும். கோரைப்பல் இறங்கும் துளை சின்னது. உதறும்போது தோல் சதையிலிருந்து பிரிந்து உள்ளே ஒரு பை உண்டாகிறது. கோழியின் தோல் மெல்லியது, நெகிழ்வானது. பல் வெளியே வந்ததும் துளை சுருங்கிக்கொள்ளும், இறகும் மேலே படிந்துவிடும். எச்சில் உள்ளே தங்கிவிடும். நாயின் வாயில் சாதாரணமாகவே குடியிருப்பவை பாஸ்டியுரெல்லா வகைக் கிருமிகள். கோழிக் காலராவை உண்டாக்கும் கிருமியும் இந்த வகைதான். காற்றுப் படாத, கதகதப்பான பை ஒன்று கிடைத்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளையின் காயம் திறந்து கிடந்ததால் தினமும் கழுவ முடிந்தது. கருப்பியின் காயத்தை யாரும் தொடவே இல்லை.

கோழி வலியை வெளியே காட்டாது. தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டையாடும் விலங்கு முதலில் குறிவைக்கும். அதனால் நிற்க முடிகிற வரை நிற்கும், கொத்த முடிகிற வரை கொத்தும். "தீனி திங்குதே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே நாய் புகுந்த கூண்டில் இருந்த எல்லாக் கோழியையும், ஒன்று விடாமல், அன்றைக்கே தூக்கிப் பாருங்கள். ஓடிப்போய்ச் செடி மறைவில் ஒளிந்த கோழி அடுத்த நாள்தான் வெளியே வரும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோழியைத் துண்டில் தளர்வாகச் சுற்றிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், இறகு படிந்திருக்கும் திசைக்கு எதிராக விரலால் ஒதுக்கிக்கொண்டே போங்கள். கழுத்து, முதுகு, வாலடி, இரண்டு இறக்கைக்கும் அடியில், தொடையின் உள்பக்கம், எச்சவாயைச் சுற்றி. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஈரமாக இருந்தால் அது நாயின் எச்சில், அந்த இடத்தை இரண்டு முறை பாருங்கள். பற்கள் மேலும் கீழுமாகச் சேர்ந்துதான் இறங்கும். முதுகில் ஒரு துளை கண்ணில் பட்டால் அதற்கு நேர் எதிரே வயிற்றுப் பக்கம் இன்னொன்று இருக்க வாய்ப்பு அதிகம். முதல் துளையைக் கண்டதும் "கண்டுபிடிச்சாச்சு" என்று கோழியை இறக்கிவிடுவதும் இதே தவறின் தம்பிதான்.

தோலுக்கடியில் காற்று அடைத்தது போல உப்பி, தொட்டால் நறநறவென்றால் உள்ளே காற்றுப்பை (நுரையீரலோடு சேர்ந்து மூச்சுக்கு உதவும் பை) கிழிந்திருக்கிறது. அது உடனே கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது. ஆழமான துளைக்கு மருத்துவர் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். நாட்கள் கடந்தபின் கொடுத்தால் அதற்குப் பலன் குறைவு. போவதற்கு முன் கோழியை எடை போட்டுக்கொள்ளுங்கள், மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அடுத்தடுத்த நாட்களிலும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இறகு உப்பி நிற்பதால் இளைத்தது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

முதல் நாள் பார்த்தாயிற்றே என்று விடவும் வேண்டாம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மறுபடி பாருங்கள். எனக்கு போன் செய்தவரின் "நல்லா இருக்கிற" மூன்றில் ஒன்றுக்குத் தொடையின் உள்பக்கம் துளை இருந்தது. திட்டித்தான் பார்க்க வைத்தேன். பிழைத்துக்கொண்டது.

துளையைத் தைப்பது, பசை போட்டு ஒட்டுவது

வேண்டாம். மேலே மூடினால் உள்ளே இருக்கும் அழுக்கை நீங்களே பூட்டி வைக்கிறீர்கள். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நமக்கு வருவதைப்போலப் பறவைக்குச் சீழ் நீராக ஒழுகாது. மஞ்சளாக, கட்டிதட்டி, பாலாடைக்கட்டி போல உள்ளேயே உறைந்துவிடும். "சீழ் வரலையே, ஆறிடுச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே கட்டி வளரும். துளை உள்ளிருந்து வெளியே ஆறிக்கொண்டு வர வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் தினமும் பீய்ச்சிக் கழுவுங்கள். பொவிடோன் அயோடின் போடுவதானால் வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் சதையையும் அது சேர்த்தே அரிக்கும்.

தோல் கிழிந்து தொங்குகிற பெரிய காயம் வேறு விஷயம். தைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் விடுங்கள்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்கவும் கூடாது, கத்தரியுங்கள். பிடுங்கினால் தோலும் கூடவே வரும்.

பச்சையைப் பார்த்து அழுகல் என்று பயப்படுவது

கோழிக்குக் கன்றிப்போன இடம் ஓரிரு நாளில் பச்சையாகும். பறவை உடம்பில் ரத்தச் சிவப்பு சிதையும்போது பச்சை நிறத்தோடு நின்றுவிடும், நமக்கு ஆவதுபோல் அதைத் தாண்டி மஞ்சளாக மாறாது. அழுகல் கறுப்பாக, சில்லென்று, நாற்றத்தோடு இருக்கும். எச்சம் பச்சையாக வந்தால் அது வேறு கதை: தீனி உள்ளே போகவில்லை, பித்தம் மட்டும் வெளியே வருகிறது.

ஈயை மறப்பது

வெப்பமான நாளில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். கொசுவலைக்குள் வையுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைக் கவிழ்ப்பது

வலி மரத்துப்போவதற்காகக் கெய்ன் வகை மருந்து சேர்த்த களிம்புகள் பறவைக்கு ஆபத்து. பெயர் பென்சோகெய்ன், லிடோகெய்ன் என்று முடிந்தால் தள்ளி வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கான எதையும் அப்பினால் இறகு ஒட்டிக்கொள்ளும், குளிர் தாங்கும் சக்தி போய்விடும். திறந்த காயத்துக்கு சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதுண்டு, அதையும் மெல்லியதாகத்தான் தடவ வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்தியபின் மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் முட்டையைச் சாப்பிடாதீர்கள். முட்டை வரவும் வாய்ப்பு குறைவுதான். சில வாரம் நின்றுவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உங்களை மறப்பது

நாயை விலக்கப் போய் உங்களுக்கும் கடியோ கீறலோ பட்டிருக்கிறதா? முதலில் உங்கள் கையைப் பாருங்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபீஸ் தடுப்பூசிக்குக் கிளம்புங்கள். கோழிக்கு வேறொருவர் துணி பிடித்துக்கொள்ளட்டும்.

முடியாததை இழுத்துக்கொண்டே போவது

குடல் வெளியே வந்து கிழிந்திருந்தால், இரண்டு காலும் தொங்கி, விரலைக் கிள்ளினாலும் அசைவில்லையென்றால், வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நான் ஒரு கோழியை ஐந்து நாள் அப்படி வைத்திருந்தேன். அந்த ஐந்து நாளும் எனக்காகத்தான், அதற்காக அல்ல.

காயம் ஆறும் முன்பே கூட்டத்தில் விடுவது

சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். நேற்றுவரை ஒன்றாக மேய்ந்த கோழிகள்தான், ஆனாலும் கொத்தும். கொத்திக் கொத்திக் காயத்தைத் திறந்து உயிரையே எடுத்துவிடும். அதற்காக வாரக்கணக்கில் கண்காணாத இடத்தில் அடைத்தாலும் சிக்கல். திரும்பி வரும்போது அது அவற்றுக்கு அந்நியக் கோழி. அதிர்ச்சி தெளிந்தபின் கூண்டுக்குள்ளேயே வலை தடுத்து, பார்வைபட வைப்பதே நல்லது. பொருக்கு உதிர்ந்து, புது இறகின் முளை தெரிந்த பிறகு தடுப்பை எடுங்கள். பொருக்கை நீங்கள் உரிக்காதீர்கள். வெள்ளைக்கு ஆறு வாரம் ஆனது.

நாய் போய்விட்டது என்று நம்புவது

வரும். பெரும்பாலும் அன்றிரவே. கோழியைப் பெட்டியில் வைத்த கையோடு தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள்.