பகுதி வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். விகிதமுறு கோவை, அதாவது எழுத்து கலந்த பின்னம், வந்தாலே பலரும் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். 1/2 + 1/3-ஐ அப்படிக் கூட்டினால் 2/5 வரும், அது அரையை விடக் குறைவு; அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணை, 6 ஆக்கி 3/6 + 2/6 = 5/6 என்கிறோம் அல்லவா, எழுத்து வந்தாலும் செய்வது அதேதான்.

கடலூரிலிருந்து புதுச்சேரி 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸின் வேகம் மணிக்கு வ கி.மீ. (புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் வ போட்டிருக்கிறேன்). ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போகும் இன்னொரு பஸ்ஸின் வேகம் வ − 10. அது எவ்வளவு நேரம் கூடுதலாக எடுக்கும்?

24/(வ − 10) − 24/வ

முதலில் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பகுதிக்கும் பொதுக் காரணி இல்லை, அதனால் பெருக்கிவிடலாம்: வ(வ − 10). அப்புறம் ஒவ்வொரு பின்னத்தின் பகுதியிலும் எந்தக் காரணி இல்லையோ அதை மேலேயும் கீழேயும் பெருக்குங்கள்.

[24வ − 24(வ − 10)] / [வ(வ − 10)]

இங்கேதான் நிதானம் வேண்டும், அடைப்புக்குறியைப் போடாமல் விட்டால் மதிப்பெண் போவது இந்த வரியில்தான். கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புக்கும் உண்டு: 24வ − 24வ + 240. விடை 240/[வ(வ − 10)]. கூட்டல் குறியை மாற்றி −240 என்று எழுதிவிட்டால் மெதுவான பஸ் முன்னாடியே போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். வ = 40 போட்டுப் பாருங்கள்: 24/30 − 24/40 = 0.8 − 0.6 = 0.2 மணி, அதாவது 12 நிமிடம். விடையிலும் 240/1200 = 0.2. சரி.

பகுதிகளுக்குப் பொதுக் காரணி இருந்தால் அப்படியே பெருக்காதீர்கள், கணக்கு வீணாக நீளும்.

3/(க² − 4) + 1/(க + 2)

க² − 4 என்பது (க − 2)(க + 2). அதுவே மீ.பொ.ம., இரண்டாவது பின்னத்தை மட்டும் மேலேயும் கீழேயும் (க − 2)-ஆல் பெருக்கினால் போதும். மேலே இருக்கும் தொகுதி 3 + க − 2 = க + 1, விடை (க + 1)/(க² − 4). க = 3 என்றால் 3/5 + 1/5 = 4/5, பொருந்துகிறது.

பகுதியைப் பூஜ்யமாக்கும் மதிப்பை மட்டும் போடக் கூடாது. க 2 ஆகவோ −2 ஆகவோ இருக்க முடியாது. பஸ் கணக்கில் வ 10 ஆனால் மெதுவான பஸ்ஸின் வேகம் பூஜ்யம், அது கடலூர் பஸ் நிலையத்தை விட்டே கிளம்பாது.